இறுகிப்போன கெண்டைக்காலுக்கும் ஒட்டிப்போன தழும்புக்கும் ஸ்டீல் கருவி: எப்படி தேய்க்கணும், எங்க நிறுத்தணும்

நான் முதல் தடவை கெண்டைக்கால்ல ஸ்டீல் கருவி வச்சு தேய்ச்ச அடுத்த நாள் காலைல எந்திரிச்சு பார்த்தா கால் கத்திரிப்பூ கலர்ல கன்னிப்போய் கெடக்கு. வலிக்க வலிக்க அழுத்தினாதான் உள்ள இருக்கிற முடிச்செல்லாம் உடையும்னு ஒரு நெனப்பு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருபது நிமிஷம் ஒரே இடத்துல சொரண்டியிருந்தேன். நாலு நாள் மாடிப்படி எறங்க முடியல. சரி இறுக்கமாவது குறைஞ்சுதான்னு கேட்டா அதுவும் இல்ல, வீக்கம் வடிஞ்சதும் அதே இறுக்கம் அதே இடத்துல வந்து உக்காந்துக்கிச்சு. அதனால மொதல்லயே சொல்லிடுறேன், இந்த வேலைல தேய்க்கிறது கால் பங்குதான், தேய்ச்ச கையோட என்ன பண்றோம்ங்கிறதுலதான் மிச்ச முக்காலும் இருக்கு.

கருவின்னா பெருசா ஒண்ணும் இல்ல. பிசியோகிட்ட போனவங்க பார்த்திருப்பீங்க, உள்ளங்கை அளவுல வளைஞ்ச ஸ்டீல் பட்டை, ஓரம் சரிவா மழுங்கலா இருக்கும், கத்தி மாதிரி வெட்டாது ஆனா ஒரு பிடிப்பு இருக்கும். நீளமான ஓரம் தொடை, கெண்டைக்கால் மாதிரி பெரிய இடத்துக்கு, சின்ன மூக்கு மாதிரி இருக்கிற முனை குதிகால் பக்கம், தழும்பு ஓரம் மாதிரி குறுகலான இடத்துக்கு. ஸ்டீல்லதான் உள்ள இருக்கிற கரடுமுரடு கைக்கு நல்லா தெரியும், பிளாஸ்டிக்ல அவ்வளவா தெரியாது. கருவி வாங்குறதுக்கு முன்னாடி சும்மா பழகிப் பார்க்கணும்னா ஒரு கனமான ஸ்டீல் ஸ்பூனோட முதுகுப்பக்கமே போதும், விரலுக்குத்தான் கொஞ்சம் வேலை ஜாஸ்தி.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னா, சீனாவுல குவா ஷான்னு தோலை சொரண்டுற வைத்தியம் ரொம்ப காலமா இருக்கு. இன்னொரு பக்கம் இங்கிலாந்துல ஜேம்ஸ் சிரியாக்ஸ்ங்கிற டாக்டர் காயம்பட்ட தசைநார்ல, அதாவது தசையை எலும்போட இணைக்கிற நார்ல, விரலை வச்சு குறுக்கால தேய்க்கிற முறைய பரப்பினாரு. 1990கள்ல அமெரிக்காவுல டேவிட் கிராஸ்டன்னு ஒருத்தர், தண்ணில ஸ்கீ பண்ணி முட்டில அடிபட்டு, விரலால தேய்ச்சு தேய்ச்சு கை வலி தாங்காம உலோகத்துல கருவி செஞ்சாரு, இன்னைக்கு கிளினிக்ல பார்க்கிற செட் எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில வந்ததுதான். சீன முறைல தோல் மேல செவப்பு புள்ளி புள்ளியா வரணும்னுதான் சொரண்டுவாங்க, நாம பண்றதுல அது நோக்கமே இல்ல, வந்துச்சுன்னா கொஞ்சம் ஓவரா போயிட்டோம்னு அர்த்தம்.

உள்ள என்னதான் நடக்குது

"தழும்புத் திசுவை உடைக்குது"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் நம்பிக்கிட்டுதான் இருந்தேன். 2008ல ஒரு ஆராய்ச்சிக் குழு கணக்குப் போட்டு பார்த்துச்சு, தொடையோட வெளிப்பக்க உறை, உள்ளங்கால் உறை மாதிரி தடிச்ச சவ்வை ஒரே ஒரு சதவீதம் நசுக்கணும்னா கூட சாதாரணமா கையால குடுக்கிற அழுத்தத்தைத் தாண்டி எங்கேயோ போகணும்னு வந்துச்சு. அப்ப நம்ம ஸ்டீல் பட்டை எத உடைக்கப்போகுது? அஞ்சு நிமிஷத்துல கால் லேசாயிடுதே, அது எப்படின்னா, தோல்லயும் அடியிலயும் இருக்கிற உணர்வு நரம்புகளுக்கு ஒரு புது சேதி போகுது, மூளை அந்த எடத்தோட விறைப்பை கொஞ்ச நேரத்துக்கு தளர்த்தி விடுது, வலியும் கொஞ்சம் அடங்குது, இதுதான் இப்ப அதிகமா சொல்லப்படுற விளக்கம்.

அதுக்காக திசுல ஒண்ணுமே நடக்காதுன்னும் சொல்ல முடியாது. 2009ல எலிகளோட முட்டி ஜவ்வை காயப்படுத்தி, ஒரு வாரம் கழிச்சு, வாரத்துக்கு 3 தடவை, ஒவ்வொரு தடவையும் வெறும் 1 நிமிஷம் கருவியால தேய்ச்சு பார்த்தாங்க. 4 வாரத்துல தேய்ச்ச பக்கத்து ஜவ்வு தேய்க்காத பக்கத்தை விட 43 சதவீதம் வலுவா இருந்துச்சு. ஆனா 12 வாரத்துல பார்த்தப்ப ரெண்டு பக்கத்துக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, அதாவது ஆறுறத சீக்கிரப்படுத்துச்சு, கடைசில போய் சேர்ந்த எடம் ஏறக்குறைய ஒண்ணுதான். அதுவும் எலி, அதுவும் புதுக் காயம். மனுஷங்க மேல நடந்த ஆய்வுகளை திரட்டிப் பார்த்தவங்க சொன்னது இன்னும் சுமார்தான், அசைவு கொஞ்ச நேரத்துக்கு கூடுது, வலி விஷயத்துல ஆளுக்கு ஒரு முடிவு. இத ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, உடைக்கணும்ங்கிற நெனப்பு போனாதான் கை லேசாகும். அந்த 1 நிமிஷத்தை மட்டும் ஞாபகத்துல வச்சுக்குங்க.

யாரு தொடவே கூடாது

ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, ரத்தம் சீக்கிரம் ஒறையாத கோளாறு உள்ளவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கிறவங்க, சுகர்னால கால் மரத்துப்போனவங்க, புற்றுநோய் சிகிச்சைல இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க எல்லாம் டாக்டர்கிட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க. ஆறாத புண், தோல்ல இன்ஃபெக்ஷன், இன்னும் கூடாத எலும்பு முறிவு, சுருண்டு புடைச்ச ரத்தக்குழாய், இது மேலெல்லாம் கருவி படவே கூடாது.

ஒரு விஷயம் தனியா சொல்லணும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீர்னு வீங்கி, சூடா, தொட்டா வலியா இருந்துச்சுன்னா அது தசை இறுக்கம்னு நெனச்சு தேய்க்க உக்காந்துடாதீங்க, உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், அது நகர்ந்து நுரையீரலுக்கு போனா உயிருக்கே ஆபத்து. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.

அப்புறம் இந்த "நரம்பு"ங்கிற வார்த்தை. நம்ம பேச்சுல தசைநாரும் நரம்புதான், ரத்தக்குழாயும் நரம்புதான், நெஜமான நரம்பும் நரம்புதான், "குதிகால் நரம்பு இழுக்குது"ன்னு சொல்லுவோம். இங்க மட்டும் அது பிரிச்சு தெரிஞ்சே ஆகணும், ஏன்னா குதிகாலுக்கு மேல கயிறு மாதிரி இருக்கிற தசைநாரை தேய்க்கலாம், நெஜமான நரம்பை தேய்க்கவே கூடாது. முட்டிக்குக் கீழ வெளிப்பக்கம் ஒரு எலும்பு உருண்டையா துருத்திக்கிட்டு இருக்குமே, அதை சுத்தி ஒரு நரம்பு தோலுக்கு ரொம்ப கிட்ட ஓடுது, அது நசுங்கினா பாதத்தை மேல தூக்க முடியாம போகலாம். முழங்கையோட உள்பக்கம், இடிச்சா சுளீர்னு ஷாக் அடிக்கிற எடம், அதுவும் அதே கேஸ்தான். முட்டியோட பின்குழி, அக்குள், தொடை இடுக்கு, கழுத்தோட முன்பக்கம் எல்லாத்தையும் விட்டுடுங்க. எலும்பு மேல நேரா தேய்க்காதீங்க, காலோட முன்னெலும்புல ஒரு தடவை ஓட்டிப் பார்த்தவங்க ரெண்டாவது தடவை செய்ய மாட்டாங்க.

மொதல்ல அளவு எடுங்க

இது போரடிக்கிற வேலை, ஆனா இத விட்டுட்டு ஆரம்பிக்கிறவங்கதான் ஆறு மாசம் சும்மா தேய்ச்சுக்கிட்டே இருப்பாங்க. செவுத்தைப் பார்த்து நில்லுங்க, ஒரு காலை முன்னாடி வச்சு, குதிகால் தரையை விட்டு எழும்பாம முட்டியை செவுத்துல தொட வையுங்க. தொட்டுச்சுன்னா காலை கொஞ்சம் பின்னாடி நகர்த்தி மறுபடி தொடுங்க, குதிகால் எழும்புற கட்டத்துக்கு ஒரு நூல் முன்னாடி நிறுத்தி, பெருவிரல் நுனிக்கும் செவுத்துக்கும் நடுவுல எத்தனை சென்டிமீட்டர்னு டேப்ல அளந்து எழுதி வச்சுக்குங்க. பலருக்கு 10 சென்டிமீட்டர் சுத்தி வரும். அதை விட முக்கியம் ரெண்டு காலுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம். எனக்கு இடது 11, வலது 7.

இன்னொரு சோதனையும் பண்ணிடுங்க. நாற்காலில கூன் போட்டு உக்காந்து, முட்டியை நீட்டி பாதத்தை உங்க பக்கம் இழுங்க, கெண்டைக்கால் இழுக்குதா? இப்ப தலையை மட்டும் குனிஞ்சு நிமிர்ந்து பாருங்க. தலையை அசைக்கிறப்ப கால்ல இழுப்பு கூடி குறையுதுன்னா அதுல தசை மட்டும் இல்ல, முதுகுலேர்ந்து வர்ற நரம்பும் சம்பந்தப்பட்டிருக்கலாம், ஏன்னா தலைக்கும் கெண்டைக்கால் தசைக்கும் நேரடி தொடர்பு கெடையாது. அப்படி இருந்தா கருவியை வச்சுட்டு பிசியோகிட்ட காட்டுங்க.

கெண்டைக்கால்ல எப்படி தேய்க்கணும்

அஞ்சு நிமிஷம் வேகமா நடந்துட்டு வாங்க, குளிர்ந்த தசையை தேய்க்கிறதுல பிரயோஜனம் இல்ல. கருவியை ஸ்பிரிட் வச்சு தொடைச்சு, ஓரத்துல விரலை ஓட்டிப் பாருங்க, எங்கயாவது பிசிறு இருந்தா அதை யூஸ் பண்ணாதீங்க. கால்ல எண்ணெயோ வாசலினோ மெலிசா தடவுங்க, வழிய வழிய தடவினா கருவி வழுக்கிக்கிட்டே போகும், ஒண்ணும் கைக்கு தெரியாது.

தரைல உக்காந்து முட்டியை மடக்கி பாதத்தை தரைல வச்சுக்குங்க, தசை தொங்கலா இருக்கும். கருவியை ரெண்டு கையாலயும் பிடிச்சு தோலுக்கு 30லேர்ந்து 45 டிகிரி வரைக்கும் சாய்வா வச்சு, குதிகால்லேர்ந்து மேல, முட்டிக்குழிக்கு நாலு விரல் கீழ வரைக்கும் நீளமா, மெதுவா இழுங்க. நேரா நிமிர்த்தி பிடிச்சா சொரண்டும், ரொம்ப படுக்க வச்சா வழுக்கும். இந்த மொத சுத்து வைத்தியம் இல்ல, தேடுறது. நடுவுல, உள்பக்கம், வெளிப்பக்கம்னு மூணு கோடா இழுங்க. சில எடத்துல வழுவழுன்னு போகும், சில எடத்துல துணிக்கு அடியில மணல் இருக்கிற மாதிரி நறநறன்னு ஒரு அதிர்வு விரல் வரைக்கும் வரும். அந்த நறநறப்பு எல்லாம் தழும்புத் திசுதான்னு அர்த்தம் இல்ல, வலியே இல்லாத கால்லயும் அது வரும், அதனால மறு காலையும் தேய்ச்சு ஒப்பிட்டுப் பாருங்க. நறநறப்பும் இருக்கணும், அங்க தொட்டா "ஆமா, இதான்"னு தோணவும் செய்யணும், அந்த எடத்தை மட்டும் எடுத்துக்குங்க.

அந்த எடத்துல இப்ப ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு சின்னச் சின்ன இழுப்பா, தசையோட நீளவாக்குல 30 செகண்ட், குறுக்கால 30 செகண்ட். இன்னொரு எடம் இருந்தா அங்கயும் அதே மாதிரி. அழுத்தம் எவ்வளவுன்னா, பத்துக்கு மூணு இல்ல நாலு வலி, மூச்சு அடைக்காம பேசிக்கிட்டே செய்ய முடியணும், முகம் சுளிச்சா கையை தளர்த்துங்க. ரெண்டாவது வாரத்துலேர்ந்து தேய்க்கிறப்பவே பாதத்தை மேலயும் கீழயும் மெதுவா ஆட்டுங்க, அசையுற தசை மேல கருவி போறதுக்கும் சும்மா கெடக்கிற தசை மேல போறதுக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். தோல் லேசா செவந்து சூடாச்சுன்னா அந்த எடத்துக்கு அது போதும். மொத்தமா ஒரு காலுக்கு அஞ்சு நிமிஷத்தை தாண்ட வேண்டாம். சுருக்குனு ஷாக் அடிச்சாலோ, மரத்துப்போனாலோ, எறும்பு ஊர்ற மாதிரி இருந்தாலோ உடனே நிறுத்துங்க, நரம்பு மேல இருக்கீங்க.

தொடைச்சுட்டு எந்திரிச்சிடாதீங்க, இனிமேதான் வேலையே. கால் இளகியிருக்கிற இந்த கொஞ்ச நேரத்துலதான் அதுக்கு புது அசைவை பழக்கணும். அந்த செவுத்துல முட்டியை தொடுற அசைவையே 10 தடவை. முட்டியை மடக்காம பின்காலை நீட்டி செவுத்தை தள்ளுற மாதிரி 30 செகண்ட், ரெண்டு தடவை. அப்புறம் படி ஓரத்துல முன்பாதத்தால நின்னு, ரெண்டு காலாலயும் மேல எழும்பி, இறுக்கம் உள்ள ஒத்தக் காலால மெதுவா, மனசுக்குள்ள நாலு எண்ணிக்கிட்டே குதிகாலை எறக்குங்க, 15 தடவை, மூணு செட். கைப்பிடியை பிடிச்சுக்குங்க. குதிகால் தசைநார் வலிக்கு இந்த மெதுவா எறக்குற பயிற்சியை 1998ல ஸ்வீடன்ல ஆல்ஃப்ரெட்சன்ங்கிற டாக்டரும் கூட இருந்தவங்களும் 12 வாரம், தெனமும் ரெண்டு வேளை குடுத்து நல்ல பலன் பார்த்தாங்க, கருவியே இல்லாம. அதான் சொல்றேன், நேரம் இல்லாத நாள்ல கருவியை விடுங்க, படியை விடாதீங்க. ரொம்ப பேருக்கு தசை "இறுக்கமா இருக்கு"ன்னு தோணுறது அது குட்டையா இருக்கிறதாலதான்னு இல்ல, வலு பத்தாததாலயும் இருக்கலாம்.

தழும்புக்கு வேற கை வேணும்

என் முன்னங்கைல ஒரு தழும்பு இருக்கு, கண்ணாடி கிழிச்சது, எட்டு தையல். தசைநார் தப்பிச்சிடுச்சு, ஆனா ஆறினதுக்கு அப்புறம் கையை மூடி முஷ்டி பிடிச்சா தழும்போட நடுவுல தோல் குழியா உள்ள போகும், யாரோ அடியிலேர்ந்து நூல் கட்டி இழுக்கிற மாதிரி. விரலை நீட்டினா குழி மறைஞ்சிடும். தோல் அடியில இருக்கிறதோட ஒட்டிக்கிச்சுன்னா இப்படித்தான் தெரியும். உங்க தழும்பையும் இப்படி சோதிக்கலாம், ரெண்டு விரலை தழும்பு மேல வச்சு மேல, கீழ, எடது, வலதுன்னு தோலை நகர்த்திப் பாருங்க, பக்கத்துல இருக்கிற நல்ல தோல் நகர்ற அளவுக்கு எந்தப் பக்கம் நகரலையோ அந்தப் பக்கம்தான் ஒட்டியிருக்கு.

அவசரம் மட்டும் வேண்டாம். காயம் மேல மூடிடுச்சுன்னு உள்ளயும் ஆறிடுச்சுன்னு இல்ல, மூணு வாரத்துல தழும்புக்கு பழைய தோலோட வலுவுல அஞ்சுல ஒரு பங்குதான் வந்திருக்கும், ஒரு வருஷம் ஆனாலும் 80 சதவீதத்தை தாண்டாது. தையல் பிரிச்சு, பொருக்கெல்லாம் தானா உதிர்ந்து, டாக்டர் சரின்னு சொன்னதுக்கு அப்புறம் விரலால ஆரம்பிங்க. கருவி குறைஞ்சது ஆறு வாரம் கழிச்சுத்தான், பெரிய ஆபரேஷனா இருந்தா அறுத்தவங்ககிட்ட கேட்டுட்டு. உள்ள பிளேட்டு, ஸ்க்ரூ இருந்தாலும் கேளுங்க. தசைநாரை தச்ச கைன்னா வீட்டு வைத்தியமே வேண்டாம், கைக்குன்னு இருக்கிற தெரபிஸ்ட் பார்க்கட்டும். காயத்தோட எல்லையைத் தாண்டி தடிச்சு வளர்ற கீலாய்டா இருந்தா தேய்க்காதீங்க, உறுத்த உறுத்த அது வளரலாம், தோல் டாக்டர் வேலை அது.

விரல் கட்டத்துல வெறும் தொடுறதுதான் மொதல். பல தழும்புக்கு சட்டைத் துணி உரசினாலே கூசும், அதனால பஞ்சு, அப்புறம் மெல்லிசு துணி, அப்புறம் டவல்னு ஒவ்வொண்ணா பழக்குங்க. கூச்சம் போனதும் விரல் நுனியால தழும்பு வெளுக்குற அளவுக்கு மட்டும் அழுத்தி, வட்டமா, குறுக்கால, நீளமா நகர்த்துங்க, தெனமும் ரெண்டு வேளை அஞ்சு அஞ்சு நிமிஷம்.

கருவி எடுக்கிறப்ப சின்ன முனை. தழும்பு மேல நேரா ஏறாம சுத்தி உள்ள நல்ல தோல்லேர்ந்து தழும்போட கரை வரைக்கும் வந்து வந்து நிறுத்துங்க, ரெண்டு கரையிலயும். மூணு நாலு தடவை இப்படி செஞ்சு தோல் சொன்னபடி கேக்குதுன்னா அடுத்து குறுக்கால மேல ஏறலாம். ஒட்டின எடத்துல முனையை வச்சு, வழுக்க விடாம தோலையும் சேர்த்து ஒரு பக்கமா தள்ளிப் பிடிச்சு அஞ்சாறு செகண்ட் நிறுத்துங்க, இதுக்கு எண்ணெய் குறைச்சலா இருந்தாதான் பிடிப்பு கெடைக்கும். மொத்தம் ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட வேண்டாம், வலி பத்துக்கு ரெண்டு. முடிச்சதும் அந்த எடத்துல இருக்கிற மூட்டை முழுசா அசைக்கணும், எனக்கு அது மெதுவா முஷ்டி பிடிச்சு விரலை முழுசா நீட்டுறது, 20 தடவை. மிச்ச நேரத்துக்கு சிலிக்கான் ஷீட்டு ஒட்டிக்கலாம், தெனம் 12 மணி நேரமாவது, ரெண்டு மூணு மாசம் விடாம இருந்தா தடிப்பு குறைய உதவும். வெயில்ல போனா மூடிக்குங்க, புதுத் தழும்பு கறுத்துப்போகும்.

எத்தனை நாள், எப்ப நிறுத்துறது

கருவி வாரத்துக்கு ரெண்டு தடவை போதும், ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல குறைஞ்சது 48 மணி நேரம். போன தடவை தேய்ச்ச எடம் இன்னும் தொட்டா வலிச்சா அன்னைக்கு லீவு. லேசா செவந்தது சில மணி நேரத்துல போயிடும். கன்னிப்போச்சுன்னா அது முழுசா மறையுற வரைக்கும் தொடாதீங்க, அடுத்த தடவை பாதி அழுத்தம் பாதி நேரம். வீட்டுல ரெண்டு பேர் ஒரே கருவியை யூஸ் பண்றதா இருந்தா ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு கழுவி ஸ்பிரிட்ல தொடைங்க, கண்ணுக்குத் தெரியாத சின்ன சிராய்ப்பு இருக்கும்.

வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்துல, தேய்க்கிறதுக்கு முன்னாடி செவுத்து அளவை எடுங்க. தேய்ச்ச உடனே அளந்தா பெரும்பாலும் கொஞ்சம் கூடத்தான் காட்டும், அதுல ஏமாந்துடாதீங்க, ரெண்டு நாள் கழிச்சும் நிக்குதாங்கிறதுதான் கணக்கு. நாலு வாரம் ஒழுங்கா செஞ்சும் அந்த நம்பர் நகரலைன்னா இன்னும் பலமா தேய்க்கிறது பதில் இல்ல, மூட்டுலயோ முதுகுலயோ காரணம் இருக்கலாம், போய் காட்டுங்க.

என் வலது கால் 7லேர்ந்து 10க்கு வர ஒன்பது வாரம் ஆச்சு, அதுல கடைசி நாலு வாரம் கருவியை எடுக்கவே இல்ல, படி மட்டும்தான். முன்னங்கைல அந்தக் குழி இன்னும் இருக்கு, இறுக்கி முஷ்டி பிடிச்சா தெரியும், ஆனா இழுக்கிறது இல்ல, பாட்டில் மூடி தொறக்கிறப்ப கையை பார்க்கிற பழக்கமும் போயிடுச்சு.